ஈகையா, ஒப்புரவா?

தாயையும் தந்தையையும் எயிட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்து, எச்.ஐ.வி. கிருமியைத் தன் குருதியிலும் சுமந்து நிற்கும் குழந்தைக்கு உதவுவது நன்று என்பதை மறுப்பார் இலர். ஆயின், அவ்வுதவி விரும்பினாற் கொடுக்கும் கொடையா, கொடுத்தே தீரவேண்டிய கடனா என்பதே சிந்தனைக்குரிய வினாவாகும். வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் இருவேறு அதிகாரங்களாக வகுத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. உலகத்தாருள் தானும் ஒருவனாய் நின்று செய்யவேண்டியதைச் செய்வது ஒப்புரவு. இவ்வேறுபாட்டைக் கென்ய நாட்டு நிறுவனமொன்றின் வரலாற்றைக் கொண்டு நோக்குவோம்.

1992ஆம் ஆண்டு, இயேசு சபைத் துறவியும் வைத்தியருமான அஞ்சலோ டகொஸ்தினோ, அருட்சகோதரி மேரி ஓவன்சுடன் இணைந்து இத்தகைய குழந்தைகளுக்கென நைரோபியில் இல்லமொன்றைத் தொடங்கினார். அதன் பெயர் 'நியும்பானி'. சுவாகிலி மொழியில் வீடு என்பது பொருள். நோயை அடக்கவல்ல மருந்து எட்டாதிருந்த அக்காலத்தில், பசியும் தனிமையுமின்றி அக்குழந்தைகள் கண்மூட வழிசெய்வதே பெரும்பாலும் அவ்வில்லத்தால் இயன்றது. அதற்கு ஈகை போதுமானதாயிருந்தது.

1996 அளவில் கூட்டு மருந்துச் சிகிச்சை செல்வ நாடுகளிற் பரவியது. ஆயின், ஒருவருக்கு ஓராண்டுச் செலவு பத்தாயிரம் டொலரையும் தாண்டிற்று. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அம்மருந்துகளை ஆண்டொன்றுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தது. எனின், இடைப்பட்ட ஆண்டுகளில் இறந்த குழந்தை நோயால் இறந்ததா, விலையால் இறந்ததா? இவ்வினா எழுந்தபின் இரக்கம் மட்டும் போதாது. நியும்பானி இல்லத்தார் அவ்வாண்டிலேயே இந்திய மருந்தை வருவிக்கப் போவதாக வெளிப்படையாக அறிவித்தனர். 2003இல் கென்யாவில் ஆரம்பக் கல்வி இலவசமாக்கப்பட்ட பின்னரும், அரசினர் பாடசாலைகள் அவர்தம் குழந்தைகளைச் சேர்க்க மறுத்தன. ஒன்றாக அமர்வதாலோ உண்பதாலோ இக்கிருமி தொற்றாது என்பது நன்கு தெரிந்திருந்தும் நிகழ்ந்த மறுப்பு இது. இல்லத்தார் உயர் நீதிமன்றை நாடினர். 2004இல் ஏற்பட்ட இணக்கத்தால் பாடசாலைக் கதவு திறந்தது. சோறிட்ட கை வழக்கும் தொடுத்த இவ்விடத்திலேதான் ஈகை ஒப்புரவாக வளர்ந்தது எனலாம்.

தரும நிறுவனங்கள் அரசின் பொறுப்பைத் தாம் ஏற்று, அதனைக் கடமையினின்று விடுவித்துவிடுகின்றன என்பார் உளர். இக்கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. ஆயினும், நீதி வரும்வரை குழந்தையாற் காத்திருக்க இயலாது. இம்மருந்து நாள்தோறும், வாழ்நாள் முழுவதும் உண்ணவேண்டியது. இடையிடையே தடைப்படின் கிருமி அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும். எனவே, மனம் நெகிழ்ந்தபோது கொடுத்து மறந்தபோது நிறுத்தும் உதவி இங்கு தீங்காகவும் முடியலாம். 2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது, ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் எச்.ஐ.வி. சிகிச்சைச் சேவைகள் தடுமாறின. கொடுப்போன் விருப்பத்தில் மட்டும் தங்கிய உயிர் எத்துணை நிலையற்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்னுமொன்று. குழந்தையின் வாடிய முகத்தைப் படமாக்கிப் பொருள் திரட்டும் வழக்கம் உண்டு. மருந்துண்டு வளரும் அக்குழந்தை நாளை வேலை தேடும், மணம் நாடும். இன்று நம் கண்ணீருக்காகப் பறையப்பட்ட அதன் நோய், அன்று அதன் பெயரோடு ஒட்டிநிற்கும். அதன் மறைவைக் காப்பதும் உதவியின் ஒரு பகுதியே.

ஆதலின், தரும நிறுவனத்துக்கு உதவலாமா என்பதன்று வினா. எவ்வாறு உதவுவது என்பதே. சிறிதாயினும் தவறாது கொடுப்பதும், அக்குழந்தைக்கு மருந்தும் பள்ளியும் உரிமையாகக் கிட்டவேண்டுமெனக் குரலெழுப்புவதும் ஒரே கடமையின் இரு கூறுகள். முன்னதை மட்டும் செய்பவன் தன் நெஞ்சை ஆற்றிக்கொள்கின்றான்; பின்னதை மட்டும் செய்பவன் இன்றைய குழந்தையைக் கைவிடுகின்றான்.