பூட்டிய பெட்டியும் பார்க்காத படமும்



பொருள் சேர்ப்பது தவறா என்று கேட்டால் நம் பெரியோர் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட மாட்டார்கள். திருவள்ளுவர் பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். நன்றியில் செல்வத்துக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். அவர் ஈட்டுவதைப் பழிக்கவில்லை. ஈட்டியது எவருக்கும் பயன்படாமல் கிடப்பதையே பழித்தார். ஆனால் நூல், இசைத்தட்டு, திரைப்படம் போன்றவை பொன்னைப் போன்ற செல்வம் அல்ல. பொன்னைக் கொடுத்தால் குறையும். படத்தைப் பத்துப் பேர் பார்த்தாலும் அது அப்படியே இருக்கும். அப்படியானால் இவற்றைச் சேர்த்துப் பூட்டி வைப்பவருக்கு எந்த நீதி பொருந்தும்?

இதை வெறும் தத்துவமாகப் பேசாமல், நம் குடும்பங்கள் பலவற்றில் காணக்கூடிய ஒரு பழக்கத்தை வைத்துச் சிந்திக்கலாம். பழைய கார்ட்டூன் படங்களின் டிவிடி தொகுப்புகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்பதைத்தான் சொல்கிறேன். கோயில் சங்கத்தின் மலரில் மிக்கி மவுஸுக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தலாம். புலம்பெயர்ந்த நம் வீடுகளில் பிள்ளைகள் தேவாரத்தை வாரத்தில் ஒரு நாள் கேட்டார்கள். டொனால்டு வாத்தை ஏழு நாளும் பார்த்தார்கள். ஆகவே பேசத்தான் வேண்டும்.

டிஸ்னி நிறுவனம் 2001 முதல் 2009 வரை ‘வால்ட் டிஸ்னி ட்ரெஷர்ஸ்’ என்ற வரிசையை வெளியிட்டது. ஒவ்வொரு தொகுப்பும் ஒரு தகரப் பெட்டியில் வந்தது. இத்தனை பிரதிகள்தான், அதற்கு மேல் இல்லை என்று அறிவித்து, வரிசை எண்ணும் இட்டு விற்றார்கள். தொடக்கத்தில் ஒரு தொகுப்புக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் அச்சிட்டார்கள். பிற்காலத்தில் சிலவற்றை அரை லட்சத்துக்கும் குறைவாகவே அச்சிட்டார்கள். திரைப்பட வரலாற்றாசிரியர் லெனார்ட் மால்டின் தோன்றி ஒவ்வொன்றுக்கும் முன்னுரை சொல்வார். உள்ளே இருந்தவையோ அருமையான சரக்கு. 1929 முதல் 1939 வரை வந்த 75 ‘சில்லி சிம்பனி’ குறும்படங்களில் பலவற்றை முதல் தொகுதியிலேயே காணலாம். முழு வண்ணத்தில் வந்து, கார்ட்டூனுக்கான முதல் ஆஸ்கார் விருதையும் பெற்ற 1932ஆம் ஆண்டின் ‘ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’ படத்தை ஒரு முறை பார்த்தவர், அது குழந்தைகளுக்கு மட்டுமான விஷயம் என்று மறுபடி சொல்லமாட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிவிடி என்பது பிளாஸ்டிக் வட்டு. அச்சை ஒரு முறை செய்துவிட்டால் இன்னும் பத்தாயிரம் எடுப்பதற்கு அதிகச் செலவில்லை. ஆகவே இந்தப் பஞ்சம் மழை பொய்த்து வந்த பஞ்சமன்று. மனிதர் முடிவு செய்து உண்டாக்கியது. இதுவும் புதிதல்ல. 1937இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தை 1944இல் மீண்டும் திரையிட்டபோதே அந்த நிறுவனம் பாடம் கற்றுக்கொண்டது. படத்தைச் சில ஆண்டுகள் பெட்டகத்தில் வைத்துவிட்டு, புதிய தலைமுறைப் பிள்ளைகள் வந்ததும் திறந்தால் திரும்பவும் கூட்டம் வரும். வீடியோ நாடாவும் டிவிடியும் வந்த பிறகும் அதையே செய்தார்கள். வாங்காவிட்டால் இனிக் கிடைக்காது என்ற பயம் கடைக்காரருக்கு நல்ல நண்பன்.

அந்தப் பயத்தில் வாங்கியவர்களில் ஒரு சாரார் பெட்டியைப் பிரிப்பதே இல்லை. எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் வீட்டில் அலமாரி நிறைய இப்படிப்பட்ட தொகுப்புகள், மேலுறை கூடக் கிழியாமல் நிற்கின்றன. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டால், “பிரித்தால் விலை போய்விடும் அண்ணா” என்கிறார். அதே படங்களை வேறு மலிவுப் பதிப்பில் வாங்கிப் பார்த்திருக்கிறார். அவரிடம் இருப்பது என்ன என்று யோசித்தேன். படம் அல்ல, ஓர் எண் என்றுதான் எனக்குப் படுகிறது. அதைப் பங்குப் பத்திரம் போல வைத்திருக்கிறார். அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குக் கலைமீது கொண்ட அன்பு என்று பெயர் சூட்டக் கூடாது.

இதோடு முடித்துவிட்டால் வழக்கு சுலபம். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அது கனமான பக்கம்.

எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது வட்டு எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கிடைப்பது என்ற சொல்லை நாம் கொஞ்சம் சோதிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் டிஸ்னி ஆஸ்திரேலியாவில் டிவிடி வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. 2025 மார்ச்சில் ‘மேக்ஸ்’ இணையச் சேவை, பக்ஸ் பன்னியும் டாஃபி வாத்தும் வரும் பழைய ‘லூனி ட்யூன்ஸ்’ குறும்படங்களைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்தப் படங்களும் அந்தச் சேவையும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை என்பதுதான் வேடிக்கை. சந்தா கட்டியவர் எதையும் வாங்கவில்லை. வாசலில் நின்று பார்க்க அனுமதி பெற்றார், அவ்வளவே. 2003க்கும் 2008க்கும் இடையில் வந்த ‘லூனி ட்யூன்ஸ் கோல்டன் கலெக்‌ஷன்’ ஆறு தொகுதிகளையும் அன்றே வாங்கி வைத்தவர் வீட்டில் பன்னி இன்னும் கேரட் கடித்துக்கொண்டிருக்கிறது. உரிமையாளர் கைவிட்டதைச் சேகரிப்பவர் காக்கிறார் என்று சொல்ல இடமுண்டு.

இதற்கு ஆஸ்வால்டு முயலின் கதையைவிடச் சிறந்த சாட்சி இல்லை. மிக்கி பிறப்பதற்கு முன்பு, 1927-28இல், டிஸ்னி 26 ஆஸ்வால்டு படங்களைச் செய்தார். உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்ததால் முயல் கைவிட்டுப் போயிற்று. பல படங்கள் தொலைந்தே போயின. 2006இல்தான் முயல் தாய்வீடு திரும்பியது. அதற்கு ஈடாக டிஸ்னி தன்னிடமிருந்த ஒரு விளையாட்டு வர்ணனையாளரை மற்றத் தொலைக்காட்சிக்கு விட்டுக்கொடுத்தது! (ஆளைக் கொடுத்து முயலை வாங்கிய வியாபாரம் உலகில் வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.) மறு ஆண்டு டிசம்பரில் தகரப் பெட்டி வந்தபோது அதில் 13 படங்களே இருந்தன. பிறகு 2014இல் நார்வே தேசிய நூலகத்தில் ஒன்று அகப்பட்டது. 2018இல் இன்னொன்று ஜப்பானில் வெளிப்பட்டது. அனிமேஷன் வரலாற்றாய்வாளர் யசுஷி வத்தனபே மாணவராக இருந்தபோது ஒசாகாவில் 500 யென்னுக்கு வாங்கிய சிறு படச்சுருள் அது. ஏறக்குறைய எழுபது ஆண்டு அவரிடமே இருந்தது. காணாமல் போன ஆஸ்வால்டு படங்களைப் பற்றிய நூலொன்றைப் படித்த பிறகே, தம்மிடம் இருப்பது அவற்றில் ஒன்றோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது.

அவர் அதை முதலீடாக வாங்கவில்லை, பார்க்க வாங்கினார். பார்த்ததால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த நூல் கண்ணில் பட்டபோது மனதில் மணி அடித்தது. பிரிக்காத பெட்டியாக இருந்திருந்தால் அந்த மணி அடித்திருக்குமா?

பிரிக்காத பெட்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வட்டு கெடும். 2006க்கும் 2008க்கும் இடையில் செய்யப்பட்ட தன் டிவிடிக்களில் சில பழுதாகிவிட்டன என்று வார்னர் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. மேலே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். போட்டால் பாதியில் நிற்கும், அல்லது ஓடவே ஓடாது. மேலுறை கிழியாத பெட்டியின் சொந்தக்காரருக்கு இது தெரியவே வழியில்லை. அவர் எதைக் காக்கிறார்?

சைவ அன்பர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதை போல் தோன்றும். தில்லையில் ஓர் அறையில் தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்ததையும், மூவரும் வந்தாலன்றித் திறக்கமாட்டோம் என்று அங்கிருந்தோர் சொன்னதையும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மூவரின் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து திறக்க வைத்ததையும் நாம் அறிவோம். உள்ளே புற்று மூடியிருந்தது. மிஞ்சியது ஒரு பகுதியே என்பது மரபு. பூட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்த ஏடுகளை அவர்களைப் போல் மதித்தவர் வேறு யார்? மதிப்பு மிகுந்துதான் பூட்டினார்கள். அவர்கள் கதவைக் காத்தார்கள். கறையான் கதவு வழியாக வரவில்லை. தேவாரத்தையும் டொனால்டு வாத்தையும் ஒரு தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பொருள் வேறு, பூட்டுகிறவர் மனம் ஒன்றுதான்.

ஆகவே என் எண்ணம் இது. சேர்த்து வைப்பதும் காப்பதும் ஒன்றல்ல. காப்பவருக்குக் கடமைகள் சில வந்து சேர்கின்றன: திறந்து பார்ப்பது, கெட்டுவிட்டதா என்று அறிவது, பிறருக்குக் காட்டுவது. அவற்றில் காட்டுவதுதான் கடினம். ஏனென்றால் பழைய கார்ட்டூன்களில் வெட்கப்பட வேண்டிய பகுதிகள் இருக்கின்றன. கறுப்பினத்தவரைத் தடித்த உதடும் உருட்டிய விழியுமாக வரைந்த படங்கள் ஒன்றிரண்டல்ல. போர்க்காலப் படங்களில் ஜப்பானியரைப் பரிகசித்த விதம் இன்று பார்க்கக் கூசும். நம் பிள்ளைகளும் இந்த நாடுகளில் நிறத்தால் அடையாளம் காணப்படுகிறவர்களே. பள்ளி முற்றத்தில் கேலிப்பெயர் கேட்டுவிட்டு வந்த பிள்ளையை அருகில் உட்காரவைத்து இதைப் போடலாமா?

நிறுவனங்கள் இதற்குப் பல வழிகளைக் கையாண்டிருக்கின்றன. சிலவற்றை வெட்டினார்கள், சிலவற்றை வெளியிடவே இல்லை. 2013இல் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ தொகுப்பின் இரண்டாம் பாகம் இப்படிப்பட்ட இரு படங்கள் நீக்கப்பட்டு வருவதாக அறிவிப்பு வந்தது. சேகரிப்பவர்கள் முழுமை வேண்டும் என்று எதிர்த்தார்கள். முடிவில் தொகுப்பே வரவில்லை. முழுமை கேட்டவர்களை நிறவெறியர் என்று சொன்னால் அநியாயம். ஆனால் அலமாரி வரிசையில் ஓட்டை விழக் கூடாது என்ற ஆசைக்கும், வரலாற்றை மறைக்கக் கூடாது என்ற கொள்கைக்கும் உள்ள தூரத்தை அவர்களில் எத்தனை பேர் அளந்து பார்த்தார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

எனக்குச் சரி என்று படுவது வேறு வழி. 2005இல் வந்த ‘லூனி ட்யூன்ஸ்’ மூன்றாம் தொகுதியில் நடிகை ஹூப்பி கோல்ட்பர்க் தோன்றி, இவற்றில் சில அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் மறைத்தால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் என்ற கருத்தில் பேசுகிறார். 2004இல் வந்த ‘ஆன் தி ஃப்ரன்ட் லைன்ஸ்’ போர்க்காலத் தொகுப்பில் மால்டினும் அப்படியே முன்னுரை சொல்கிறார். அதில், ஹிட்லரின் ஆயுதத் தொழிற்சாலையில் டொனால்டு படும் பாட்டைக் காட்டி 1943இல் ஆஸ்கார் பெற்ற படமும் இருக்கிறது. கூசும் படங்களும் இருக்கின்றன. வீட்டில் அந்த முன்னுரையைச் சொல்ல வேண்டியவர் தாயோ தந்தையோதான். ஐந்து வயதுக்கு வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குத் தாராளமாகக் காட்டலாம். படத்தை நிறுத்தி, “இது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?” என்று கேட்டால் போதும். பிள்ளை சொல்லும் பதில் சில வேளை நம்மையே திடுக்கிடச் செய்யும். நம் தமிழ்ப்படங்களில் கறுத்த பெண்ணையும் பருத்த மனிதரையும் வைத்துச் செய்யும் நகைச்சுவையைப் பற்றியும் அது கேட்டுவிடலாம், ஆயத்தமாக இருங்கள்.

காட்டுவது என்றதும் கோயில் மண்டபத்தில் திரை கட்டிவிடலாம் என்று இளைஞர் சிலர் புறப்படக் கூடும். பொறுங்கள். வீட்டில் பார்ப்பதற்கு வாங்கிய வட்டை மண்டபத்தில் போட உரிமம் வேண்டும். நகல் எடுத்து வைக்கவும் பல நாடுகளில் சட்டம் இடம் தராது. அமெரிக்காவில் இருப்போருக்கு மட்டும் ஒரு சிறு சலுகை: மிக்கியின் 1928ஆம் ஆண்டு ‘ஸ்டீம்போட் வில்லி’ 2024இலும், முதல் ‘சில்லி சிம்பனி’யான 1929ஆம் ஆண்டு ‘ஸ்கெலிட்டன் டான்ஸ்’ 2025இலும் அங்கே பொதுச் சொத்தாகிவிட்டன. மற்ற நாடுகளில் கணக்கு வேறு, விசாரித்துச் செய்யுங்கள்.

நாடு விட்டு நாடு போகும் நம்மவருக்கு இன்னொரு தொல்லை, வட்டின் மண்டல எண். அமெரிக்கா 1, ஐரோப்பா 2, ஆஸ்திரேலியா 4, இந்தியாவும் இலங்கையும் 5. டொரொன்டோவில் வாங்கியது லண்டன் கருவியில் ஓடாமல் போகலாம். எல்லா எண்ணையும் ஏற்கும் கருவி ஒன்றைக் கிடைக்கும்போதே வாங்கிப் பெட்டியோடு சேர்த்து வையுங்கள். ஒரு தாளில் எந்தப் பெட்டியில் என்ன படம், எது கடைசியாக எப்போது ஓடியது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மூடிக்குள் வைத்துவிடுங்கள். பின்னால் வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கத்தான் நேரம் இருக்கும். நாற்பது வட்டுகளைப் போட்டுப் பார்க்க இருக்காது.