உத்தியோகம் துறத்தலும் காணி வாணிகமும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது ஈழத்துத் தமிழரிடையே நெடுங்காலம் வழங்கிய பழமொழி. மாதந்தோறும் தவறாது வரும் சம்பளம், முதுமையில் இளைப்பாற்றுச் சம்பளம், ஊரவர் தரும் மதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து உத்தியோகத்தை வாழ்வின் இலக்காகவே ஆக்கிவிட்டன. ஆகவே, நிலையான வேலையைத் துறந்து சொந்தத் தொழில் தொடங்குபவரை உலகம் அறிவிலி என்றோ துணிவுடையோர் என்றோ இரண்டிலொன்றாகவே கணிக்கின்றது. இவ்விரு கணிப்பும் துறப்பவரின் நன்மை தீமைகளை மட்டுமே நோக்குவன. தொடங்கும் தொழில் காணி வாணிகமாயின் இந்நோக்குப் போதாது. காணி ஏனைய பண்டங்களைப் போன்றதன்று. அதனை எவரும் ஆக்கவில்லை. ஒருவர் கொள்வதால் மற்றொருவருக்கு அது குறைகின்றது.

இவ்வினாவை ஆராய்தற்கு ரிவர்ஸ்டன் தக்கதோர் இடமாகும். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புரை நோக்கிச் செல்லும் பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடக்குமிடத்தில், பலத்த காற்றும் மூடுபனியும் சூழ்ந்த உயரத்தில் அது அமைந்துள்ளது. நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பார்வையாளர் பெருகுமிடத்தில் காணிக்கு விலை ஏறுவது இயல்பு. காட்டை விற்க இயலாதாதலால், அதன் அயலிலுள்ள காணியே விலைப்பொருளாகின்றது. இத்தகைய மலைச்சாரலிற் காணி வாங்கித் துண்டாக்கி விற்கும் நோக்குடன் ஓர் ஆசிரியரோ வங்கி எழுதுவினைஞரோ பதவி விலகுவாராயின், அச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது?

முதற்கண் அவர் பக்கத்து நியாயத்தைக் கூறுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, செப்டெம்பர் மாதத்தில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. சம்பளத் தாளில் எழுதப்பட்ட தொகை குறையவில்லை. அத்தொகை கொண்டுவந்த அரிசியும் மாவுமே குறைந்தன. நிலைத்திருந்தது தொகையேயன்றி வாழ்வன்று என்பதை அவ்வாண்டு பலருக்கும் உணர்த்திற்று. எனவே, உத்தியோகத்தை விட்டு விலக எண்ணுவதனைப் பேராசை என எளிதில் ஒதுக்கிவிடல் பொருந்தாது.

உத்தியோகத்தரும் காணியும் தொடர்புற்ற பழைய வரலாறு ஒன்று இம்மலைநாட்டுக்கு உண்டு. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை அடுத்து, 1833இலிருந்து பிரித்தானியக் குடியியற் சேவையாளரின் சம்பளங்கள் குறைக்கப்பட்டன. இளைப்பாற்றுச் சம்பளமும் நிறுத்தப்பட்டது. அதே வேளையில், பயிர்ச்செய்கையில் ஈடுபட அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அக்காலத்தில் முடிக்குரிய நிலம் ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் ஆளுநர் ஸ்டுவர்ட் மெக்கன்சியும் குடியேற்றநாட்டுச் செயலாளர் பிலிப் அன்ஸ்ட்ருதரும் இருந்தனர். விற்கும் கையும் வாங்கும் கையும் ஒன்றாயின. ஈற்றில், 1845ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி உத்தியோகத்தரின் சம்பளம் உயர்த்தப்பட்டது. தோட்டத்தொழிலில் அவர்கள் ஈடுபடுவது தடைசெய்யப்பட்டது.

அவ்வுத்தியோகத்தர் காணி வாங்கியது மாத்திரம் குற்றமன்று. உத்தியோகத்தைத் துறவாது வாங்கியதே குற்றம். பதவி தந்த அறிவையும் அதிகாரத்தையும் அவர்கள் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தத்தக்க நிலையில் இருந்தனர். இன்றும், எவருடைய காணி ஈட்டில் உள்ளது, எது ஏலத்துக்கு வரும் என்பவற்றை வங்கி ஊழியர் அறிவார். எவ்வழியாகப் புதிய பாதை வரும் என்பதை அரசாங்க ஊழியர் அறிவார். இவ்வகையில் நோக்கின், பதவி விலகல் துணிவுச் செயலாவதற்கு முன் அறச்செயலாகின்றது. வேலையையும் வைத்துக்கொண்டு காணியும் விற்பவரே முன்னெச்சரிக்கையுடையவர் என உலகம் பாராட்டலாம். அறம் அவ்வாறு பாராட்டாது.

ஆயின், துறந்த பின்னர் வரும் இழப்பைச் சுமப்பவர் யார்? 1847இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட நிதி நெருக்கடியோடு கோப்பித் தொழில் சரிந்தது. தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளையை வந்தடைந்த தென்னிந்தியத் தொழிலாளருட் பலர் செய்த வேலைக்குக் கூலி பெறாதொழிந்தனர். அரசின் வருவாய் சுருங்க, 1848இல் ஆளுநர் டொரிங்டன் நாய், துப்பாக்கி முதலியவற்றுக்கும் வரி விதித்தார். மாத்தளை கிளர்ந்தெழுந்தது, புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். காணியில் இலாபம் தேடியோர் சிலர். அதன் இழப்பைச் சுமந்தோரோ அவ்வாணிகத்திற் பங்குபற்றாத பலர்.

அதே 1848இல் வெளிவந்த தம் பொருளியல் நூலில் ஜோன் ஸ்டூவர்ட் மில், சமூகத்தின் பொது வளர்ச்சியால் உயரும் நிலமதிப்பு உடையவரின் உழைப்பால் விளைந்ததன்று என வாதிட்டார். ரிவர்ஸ்டனின் காற்றையும் பனியையும் எந்த வணிகரும் உண்டாக்கவில்லை. பாதையைப் பொதுப்பணம் அமைத்தது. எனினும், காணியின் உறுதிகளை ஆராய்ந்து உரித்தைத் தெளிவாக்குதல், முறையாக அளவை செய்தல், வடிகால் அமைத்தல் ஆகியன மெய்யான உழைப்பு. அவ்வுழைப்புக்குரிய ஊதியம் நேரியது. விலையேறும்வரை காணியை வெறுமனே பூட்டிவைத்துப் பெறும் இலாபம் அத்தகையதன்று. மலையகத் தோட்டங்களிற் குடும்பமொன்றின் வீட்டுக்கு 7 பேர்ச் நிலம் கிடைப்பதே பெரும் வெற்றியாகக் கருதப்பட்ட நாட்டில், இவ்வேறுபாடு வெறும் ஏட்டுக் கருத்தாகாது.

இனி, இவ்வினாவின் கடினமான பகுதி எஞ்சியுள்ளது. மாத்தளை மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மலைநாட்டின் சரிவுகள் பல உயிர்களைப் பலிகொண்டன. ஒரு சரிவு வீடு கட்டத் தகுந்ததன்று என்பதை விற்பவர் அறிந்திருக்கிறார் எனக் கொள்வோம். அதனைச் சொன்னால் விற்பனை தவறும். சம்பளம் பெறுபவருக்கு உண்மை கூறுவதால் அம்மாதச் சோறு குறைவதில்லை. சம்பளத்தைத் துறந்து, கடன் தவணை நெருங்கி நிற்பவருக்கோ அவ்வுண்மையின் விலை மிக அதிகம். நிலையான வேலை வயிற்றை மட்டுமன்றி நேர்மையையும் காத்துவந்தது என்பதை அதனை இழந்த பின்னரே அவர் உணர்கின்றார்.

வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரம் வகுத்தது தொழில் தொடங்குவோரைத் தடுப்பதற்கன்று. எண்ணித் தொடங்கச் செய்வதற்கே. உத்தியோகம் துறப்பவர், எத்தனை மாதம் வருவாயின்றி உண்ண முடியும் எனக் கணக்கிடுவது வழக்கம். எத்தனை விற்பனைகளை இழந்தும் உண்மை சொல்ல முடியும் என்பதே அவர் இடவேண்டிய முதற் கணக்கு. அதற்குரிய சேமிப்பு இருப்பின் அவர் துணிந்து இறங்கலாம். அது இல்லையாயின், அவர் துறப்பது உத்தியோகத்தை மட்டுமன்று.