எலியின் தாய்மையும் நம் அறமும்

கோவில்பட்டிக்கு மேற்கே, கழுகுமலைப் பாறையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் செதுக்கப்பெற்ற அம்பிகை இயக்கி சிங்கத்துடனும் சிறுவருடனும் நிற்கிறாள். தாய்மையின் வடிவாக அவளைப் போற்றுகிறோம். மலையடியில் விரிந்த கரிசற்காட்டிலோ, வரப்பில் வளை தோண்டிய எலியும் தன் குட்டிகளை வாயாற் கவ்விக் காக்கிறது. அது ஹார்மோன் என்னும் சுரப்புநீரின் வேலை என்கிறது அறிவியல்.

அக்கூற்றில் உண்மை உண்டு. ஆய்வுக்கூடத்து வெள்ளை எலிக்கு நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும். சூலகத்தினின்று எழும் ஈஸ்ட்ரோஜன், மூளையின் ஹைபோதாலமஸ் பகுதியில் புரோஜெஸ்டிரோனை ஏற்கும் வாயில்களைப் பெருக்குகிறது. பின்னர் அப்புரோஜெஸ்டிரோன் வந்த சில மணி நேரத்தில், அதுவரை ஆணை விரட்டிய எலி இணங்கி நிற்கிறது. சூலகத்தை அகற்றினால் இவ்விழைவு அடங்கும். இரண்டையும் முறைப்படி ஊசியிற் செலுத்தினால் மீளும். ஏறத்தாழ 22 நாட்களில் ஈன்றதும், ஆக்ஸிடோசினும் துணைசெய்யக் குட்டிகளைப் பேணத் தொடங்குகிறது.

இது நம்மைத் திகைக்க வைக்க வேண்டுவதில்லை. வேட்கையை ஆன்மாவின் இயல்பென்று நம் முன்னோர் கொள்ளவில்லை. ஸ்திரீவேதம் முதலிய மூன்றையும் மோகனீய வினையின் பிரிவுகளாகவே வைத்தனர். அதனால் சுரப்புநீரே வினையென்று சிலர் முடிவுகட்டுகின்றனர். அவ்வளவு விரைவு எனக்கு உடன்பாடன்று.

ஏனெனில் 1967இல் ரோசன்பிளாட் என்னும் அறிஞர் மற்றொன்றும் கண்டார். ஈனாத எலியிடம் நாள்தோறும் குட்டிகளை விட்டுவைத்தால், முதலில் அது பொருட்படுத்தாது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவற்றை நக்கும், கூட்டிற் சேர்க்கும், தாயைப்போல் அணைத்துக் கிடக்கும். சூலகம் இழந்த எலியும் அவ்வாறே, ஆணெலியும் அவ்வாறே! சுரப்புநீர் பரிவை விரைவில் எழுப்புகிறது. அஃது இல்லாவிடத்தும், அருகிருத்தல் ஒன்றே அதனை மெல்ல விளைவிக்கிறது.

இதனை அறியும்பொருட்டு அறுக்கப்பட்டவை ஐம்பொறி உயிர்கள். நம் உடலிலும் இதே சுரப்புநீர்கள் உள்ளன. அவ்வொப்புமை கருதியே எலி மேசைக்கு வருகிறது. அறிவுக்குப் பயன்படும் ஒப்புமையை ஏற்றுக்கொண்டு, நோவில் மட்டும் அதனை மறுப்பது எவ்வாறு முறையாகும்?

கம்பையும் உளுந்தையும் எலிக்குப் பறிகொடுக்கும் கரிசல் உழவரின் வழக்கு இதனினும் கடினமானது. மழை பொய்த்த ஆண்டில் வளைவாயில் நச்சுணவு வைப்பவரை என்னால் எளிதிற் பழிக்க இயலவில்லை. வளைக்குள் பாலுண்ணும் குட்டிகளை மறக்கவும் இயலவில்லை.