உடல் என்ன, பெட்டியா?

சபரிமலைக்கு மாலை போட்டவர் சென்னையிலிருந்து கொச்சிக்கு விமானத்தில் போக நினைத்தால், பல ஆண்டுகளாக ஒரு தடை இருந்தது. இருமுடிக்குள் நெய்த்தேங்காய் இருக்கும். தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது என்பது விமானப் பாதுகாப்பு விதி. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்குகளின் உலகப் பட்டியலில் கொப்பரைக்கு இடம் உண்டு. எண்ணெய்ச் சத்துள்ள முழுத் தேங்காயையும் அதிகாரிகள் அதே சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் இந்த விதியைத் தளர்த்தியது. எக்ஸ்ரே, வெடிபொருள் துகள் சோதனை, கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை ஆகியவற்றுக்குப் பிறகு, 2025 ஜனவரி 20 வரை இருமுடித் தேங்காயைக் கையோடு எடுத்துச் செல்லலாம் என்று அனுமதி வந்தது.

அந்தத் தேங்காய் எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் விஷயத்தின் ஆழம் புரியும். குருசாமியின் முன்னிலையில் தேங்காயின் கண்ணைத் திறந்து, இளநீரை வடித்துவிட்டு, சரணம் சொல்லிக்கொண்டே நெய்யை ஊற்றி நிரப்பி, கண்ணை அடைப்பார்கள். தேங்காய் உடல், நெய் உயிர் என்பது ஐயப்ப பக்தர்களின் நம்பிக்கை. சன்னிதானத்தில் தேங்காயை உடைத்து நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்தபின், மூடியை ஆழி என்னும் தீக்குண்டத்தில் போட்டு எரித்துவிடுவார்கள். உயிர் இறைவனிடம் போய்ச் சேர்ந்தது, உடல் நெருப்புக்குப் போனது. பாதுகாப்புச் சோதனையின் எக்ஸ்ரே கருவி உலோகத்தை நீல நிறத்திலும் கரிமப் பொருள்களை ஆரஞ்சு நிறத்திலும் காட்டும். பக்தர் உடலென்றும் உயிரென்றும் பிரித்துச் சொல்லும் இரண்டும் அந்தத் திரையில் ஒரே ஆரஞ்சு.

கருவியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பொருளின் வகையைக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆனால் தேங்காய்க்கு அடுத்தபடியாக மனிதரும் ஓர் உலோகச் சோதனை வாயிலின் வழியாக நடந்து வருகிறார். அவரைப் பார்க்கும் கண் எதைப் பார்க்க வேண்டும்? அவருடைய உடல் அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒன்றா, இல்லை அவரேதானா?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பிள்ளைப்பாக்கத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில், சிப்காட் தொழிற்பூங்காவோடு இருக்கும் ஊர் அது. இந்த வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சோதனை புதிதல்ல. மின்னணுத் தொழிற்சாலைகளின் வாசலில் ஷிப்டு தொடங்கும்போதும் முடியும்போதும் உலோகச் சோதனை நடக்கும். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்று செய்தி வெளியிட்டபோது தாலியும் மெட்டியும் விவாதத்துக்கு வந்தன. பாகுபாடு இல்லை என்று மறுத்த நிறுவனம், உலோகம் அணியக் கூடாது என்ற விதி ஆண், பெண், மதம் பாராமல் எல்லோருக்கும் உண்டு என்றது. விமான நிலையத்தில் காக்கி உடுப்பில் நிற்கும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையும், 1969இல் பொதுத்துறை ஆலைகளைக் காக்க உருவானதுதான். 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகே, 2000 முதல் விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக அந்தப் படையின் பொறுப்புக்கு வந்தன.

பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரில் இரண்டு தலங்கள் உள்ளன. ஒன்று, 1017இல் இராமானுஜர் பிறந்த ஊரின் ஆதிகேசவப் பெருமாள் கோயில். இன்னொன்று, ராஜீவ் காந்தி நினைவிடம்.

1991 மே 21 இரவு அங்கே நடந்ததை இந்தத் தலைமுறைக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலை போட்டு, காலைத் தொட்டு வணங்குவதுபோல் ஒரு பெண் குனிந்தாள். உடையின் உள்ளே வெடிகுண்டு இருந்தது. ராஜீவோடு காவலர்களும் கட்சிக்காரர்களும் இறந்தார்கள். தமிழர் வாழ்வில் மிக மரியாதையான இரண்டு செயல்கள், மாலையிடுவதும் காலில் விழுவதும், அன்று கொலைக்கு உறையாக இருந்தன. பாதுகாப்பில் விட்ட ஓட்டைகளை ஆராய நீதிபதி வர்மா ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்கு ஏழு ஆண்டு முன்பு, 1984 ஆகஸ்ட் 2 இரவு, மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் இதுபோல் ஒன்று நடந்தது. கொழும்பு விமானத்துக்கென்று பெட்டிகளைப் போட்டவர் விமானம் ஏறவே இல்லை. இறக்கி வைக்கப்பட்ட பெட்டிகள் நிலையத்துக்குள்ளேயே வெடித்து ஏறத்தாழ முப்பது பேர் மாண்டார்கள். பலர் இலங்கைப் பயணிகள்.

ஆகவே சந்தேகமே பாவம் என்று சொல்லிவிட்டுப் போக இந்த மண்ணில் பிறந்த எவராலும் முடியாது. வரிசையில் பின்னால் நிற்கும் குழந்தையின் உயிரும் அந்தச் சோதனையை நம்பித்தான் இருக்கிறது. ஒருவரைச் சோதிக்கும்போது அவர் கெட்டவர் என்று யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. மனதைப் பார்க்க வழியில்லாததால் மடியைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பார்க்கும் முறையில்தான் நியாய அநியாயம் பிறக்கிறது.

இங்கே இராமானுஜரிடம் கேட்கலாம். உடல் என்றால் என்ன என்று ஸ்ரீபாஷ்யத்தில் அவர் வரையறுக்கிறார். கை, கால் இருப்பதையோ புலன்கள் இருப்பதையோ அவர் அடையாளமாக ஏற்கவில்லை. ஓர் உயிர் எதைத் தன்பொருட்டு முழுவதும் தாங்கி, முழுவதும் இயக்கி, தனக்கென்றே உரியதாக வைத்திருக்கிறதோ, அதுவே அந்த உயிரின் உடல். இந்த உலகமும் உயிர்களும் இறைவனின் உடல் என்று நிறுவுவதற்காக அவர் இப்படி விரித்தார். உடல் வெறும் தோற்றம், கழற்றிப் போட வேண்டிய சட்டை என்று பேசும் வேதாந்த மரபுகளுக்கு எதிரில், உடல் மெய் என்று உறுதியாக நின்ற தத்துவம் இது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த வரையறை, சோதனைச் சாவடியில் ஒரு வழக்கைத் தீர்த்துவைக்கும் அளவுக்குக் கூர்மையானது.

வழக்கு சுதா சந்திரனுடையது. 1981இல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு, பதினாறு வயதில், அந்தப் பரதக் கலைஞரின் வலது கால் எடுக்கப்பட்டது. ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு மறுபடி மேடை ஏறினார். அவர் கதையே 'மயூரி' என்ற தெலுங்குப் படமாக வந்தது, தானே நடித்தார். 2021 அக்டோபரில் அவர் ஒரு காணொளியில் பிரதமரிடம் முறையிட்டார். விமான நிலையங்களில் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், வெடிபொருள் துகள் சோதனை செய்யுங்கள் என்று கேட்டாலும் கேட்பதில்லை, சோதனையில் காட்ட ஓர் அட்டை கொடுங்கள் என்றார். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது.

காலைக் கழற்றச் சொன்னவர் கண்ணில் அது ஒரு கருவி. ஷூவையும் பெல்ட்டையும் போல ட்ரேயில் வைக்கத் தக்கது. இராமானுஜரின் வரையறையை வைத்துப் பார்த்தால் அது அவர் உடல். அவர் அதைத் தாங்குகிறார், இயக்குகிறார், அது அவருக்கென்றே இருக்கிறது. ஜதிக்குத் தட்டும் பாதம் அது. சதையால் ஆகவில்லை என்பது பொருட்டே இல்லை. அதைக் கழற்றிக் கொடு என்பது, கையைக் கழற்றிக் கொடு என்பதற்குச் சமம். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், மனித மாண்பைக் காக்க, செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது என்று கருத்துச் சொன்னது. நீதிமன்றம் மாண்பின் வழியாக வந்து சேர்ந்த இடத்துக்கு வேதாந்தியும் வேறு வழியில் வந்து சேர்கிறார்.

எளிதில் தீராத வழக்கும் உண்டு. அமிர்தம் பெற்ற சீக்கியருக்குக் கிர்பான் உடலை விட்டுப் பிரியாதது. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவே அதை மத உரிமையாக விளக்குகிறது. உள்நாட்டு விமானங்களில் ஆறு அங்குல அலகு, மொத்தம் ஒன்பது அங்குலம் வரை அனுமதி. ஆனால் 1981 செப்டம்பரில் ஓர் இந்திய விமானத்தை லாகூருக்குக் கடத்தியவர்கள் கையில் இருந்ததும் கிர்பான்தான். அந்த ஒரு செயலுக்காக ஒரு மதத்தாரின் அங்கத்தைப் பறிக்காமல், அளவு சொல்லி அனுமதித்திருக்கும் இந்திய ஏற்பாடு பாராட்டத் தக்கது. முழு நிம்மதி தராத ஏற்பாடு என்றாலும், நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் இடையில் நேர்மையாக ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.

சோதனைச் சாவடியில் யாரும் அதிகம் பேசாத நன்மை ஒன்று உண்டு. எந்த ஊரிலிருந்தோ வந்த ஒரு காவலர், எதிரே வரும் எல்லோரையும் தொடுகிறார். தொடும் கையின் சாதி என்ன என்று எவரும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. யார் யாரைத் தொடலாம் என்பதையே சட்டமாக வைத்திருந்த சமூகத்தில் இது சிறிய செய்தி அல்ல. இராமானுஜர் நீராடப் போகும்போது அந்தணச் சீடரின் தோளையும், நீராடித் திரும்பும்போது அந்தணரல்லாத சீடர் பிள்ளை உறங்காவில்லி தாசரின் தோளையும் பற்றி நடந்தார் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. தூய்மை எங்கே இருக்கிறது என்று அவர் தொட்டே காட்டினார். திரை மறைவில், உள்ளங்கையைக் காட்டச் சொல்லி, ‘திரும்புங்கம்மா’ என்று பணிவாகச் சொல்லிச் சோதிக்கும் பெண் காவலரின் தொடுதலில் அந்தச் சமத்துவத்தின் ஒரு துளி இருக்கிறது.

அப்படியானால் விலக்குப் பட்டியல் எதற்கு? குடியரசுத் தலைவர் முதலானோருக்குச் சோதனை இல்லை என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் அதில் இருந்தவர். ஆனாலும் 2009 ஏப்ரலில் டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தார் அவரைச் சோதித்தார்கள். காலணியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி அமர்ந்தபின் அவருடைய கோட்டையும் காலணியையும் சோதனைக்கு வாங்கிப் போனார்கள். நாடாளுமன்றம் கொதித்தது, மன்னிப்புகள் வந்தன. ராமேசுவரத்து மனிதர் மட்டும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எல்லோரும் நிற்கும் வரிசையில் தானும் நிற்பதை அவர் இழிவாக எண்ணவில்லை என்றே கொள்ள வேண்டும். எல்லோருக்கும் உண்டான சோதனையில் அவமானம் இல்லை. பட்டியல் நீள நீளத்தான், அதில் இல்லாதவர்களுக்கு அது அவமானமாக மாறுகிறது.

கேள்வி உடலை விட்டு அடையாளத்துக்குத் தாவும்போது அவமானம் இன்னும் கூடும். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்ன நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியிடம், நீங்கள் இந்தியரா என்று பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கேட்டதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். வெடிபொருளைத் தேட வந்தவர் நாட்டுப்பற்றைத் தேடத் தொடங்கினால், அது பாதுகாப்புச் சோதனை ஆகாது.

பிள்ளைப்பாக்கம் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று 2022இல் அறிவித்தார்கள். நிலத்தையும் ஏரியையும் இழக்க மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் போராடுகிறார்கள். அந்த நியாயம் முதலில் கேட்கப்பட வேண்டும். கட்டப்படுமானால், வரைபடத்திலேயே இடம்பெற வேண்டியவை சில உண்டு. செயற்கை உறுப்பு உள்ளவர் உட்கார்ந்தபடியே துகள் சோதனை செய்துகொள்ளத் தனி அறை. பெண்கள் வரிசையில் போதுமான பெண் காவலர்கள். தமிழ் பேசும் ஒருவராவது எல்லாச் சாவடியிலும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் இருமுடியைத் தரையில் வைக்காமல் சோதிக்க ஒரு மேசையும், பருவத்துக்குப் பருவம் நீட்டிக்கக் காத்திராத நிரந்தர அனுமதியும்.