முதல் சொல் யாருக்கு?

1966 ஜூலை 23. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் உலகக் கோப்பைக் காலிறுதி. இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய அர்ஜென்டினா அணியின் கேப்டன் ரட்டினை, ஜெர்மன்காரரான நடுவர் கிரைட்லைன் மைதானத்தை விட்டு வெளியேறச் சொன்னார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடும்படிதான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ரட்டின் பின்னாளில் சொன்னார். ஆட்டம் பல நிமிடங்கள் நின்றது. கடைசியில் அவர்தான் வெளியே போக வேண்டியிருந்தது.

அந்த உலகக் கோப்பையில் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், தொழிலில் பள்ளி ஆசிரியர். இந்தக் குழப்பத்தை யோசித்துக்கொண்டே காரில் போனவருக்கு, சாலை சிக்னலில் நின்றபோது ஒரு வழி தோன்றியது. மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் அப்படிப் பிறந்தவைதான். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன.

அட்டை வந்த பிறகு, தண்டனை என்ன என்பது எந்த நாட்டுக்காரருக்கும் புரிந்துவிடும். ஆனால் தண்டிக்கப்பட்டவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அட்டை உதவாது. அதற்கு மொழி வேண்டும். ஆங்கில வகுப்பில் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து நிற்கும் பையனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரட்டின்தான் நினைவுக்கு வருகிறார்.

அந்தப் பையனுக்கு வார்த்தையே தெரியாது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அவனோடு மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். கார்னர், பெனால்டி, ஆஃப்சைடு, டிஃபெண்டர், டேக்கிள், எக்ஸ்ட்ரா டைம் எல்லாம் அவன் வாயில் சரளமாக வரும். யாரும் அவற்றை அவனுக்கு மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. தேவைப்பட்டதால் ஒட்டிக்கொண்டன. பெயர்ச்சொற்கள் அவனிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கோத்து வாக்கியமாக்க ஒரு காரணம்தான் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் காரணத்தை ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். எடுத்துக்கொண்டது 2010 ஜூலை 2 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த உருகுவே – கானா காலிறுதி. ஸ்கோர் 1–1. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள். கோலுக்குள் போகவிருந்த பந்தை, கோட்டில் நின்ற உருகுவே வீரர் சுவாரஸ் இரண்டு கைகளாலும் தடுக்கிறார். அவருக்குச் சிவப்பு அட்டை, கானாவுக்கு பெனால்டி. அசமோவா ஜியான் அடித்த பந்து கோல் கம்பத்தின் மேல் பட்டையில் பட்டுப் போகிறது. பெனால்டி ஷூட்அவுட்டில் உருகுவே 4–2 என்று வெல்கிறது. ஆப்பிரிக்க அணி ஒன்று முதன்முதலாக அரையிறுதிக்குப் போகும் வாய்ப்பு அன்று கை நழுவியது. அது நிறைவேற 2022இல் மொராக்கோ வரவேண்டியிருந்தது.

“சுவாரஸ் செய்தது சரியா?” என்று மட்டும் கேட்டேன். “ஹீ சீட், சார்” என்றான் ஒருவன். “நோ சார், ஹீ சேவ் டீம்” என்றான் இன்னொருவன். இரண்டிலும் இலக்கணப் பிழை. நான் குறுக்கிட்டுத் திருத்தவில்லை. இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் சரியாக எழுதினேன். அதைப் பார்த்தே அடுத்து எழுந்தவன் ‘சீட்டட்’ என்றான். கொஞ்ச நேரத்தில் ஒருவன் திணறத் தொடங்கினான். நடக்காத ஒன்றை, நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டும், அவனால் முடியவில்லை. அப்போதுதான் எழுதிப் போட்டேன்: “இஃப் ஹீ ஹேட் நாட் யூஸ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ், கானா வுட் ஹேவ் வொன்.” தேர்வுக்காக எத்தனையோ முறை எழுதி மறந்த அந்த வாக்கிய அமைப்பை, அன்றுதான் அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பேசக் கற்பதில் பாதி, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பது. இதற்கும் கால்பந்தில் ஒரு வழி உண்டு. அது துயரத்திலிருந்து பிறந்தது. 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராகத் தன் அணியின் வலைக்குள்ளேயே தவறுதலாகப் பந்தைத் தட்டிவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாட்களில் மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘ஓன் கோல்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கும்போது இதையும் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. அப்போது மெடலினில் இருந்த யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மானியர், வன்முறைக்கு நடுவே வளர்ந்த இளைஞர்களுக்காக அங்கே ஒரு புது ஆட்டத்தைத் தொடங்கினார். அதில் நடுவர் கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆட வேண்டும். முதல் கோலைப் பெண்தான் போட வேண்டும். அந்த விதையிலிருந்து வளர்ந்து இன்று பல நாடுகளில் ஆடப்படும் முறையில், ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவு செய்கின்றன. ஆடி முடித்த பிறகு மறுபடி உட்கார்ந்து, யார் விதிப்படி நடந்தார்கள் என்று பேசிப் புள்ளி போடுகிறார்கள்.

மொழி ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் ஏது? ஆட்டத்துக்கு முன்னால் பேசுவதெல்லாம் ‘வில்’, ‘மஸ்ட்’. முடிந்த பின் பேசுவதெல்லாம் ‘டிட்’, ‘ஷுட் ஹேவ்’. எதிர்காலமும் இறந்தகாலமும் அவரவர் அனுபவமாகவே வகுப்புக்குள் வந்துவிடுகின்றன.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கால்பந்தில் ஆர்வமில்லாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. மைதானத்தில் இடமே கிடைக்காத பெண் பிள்ளைகள் உண்டு. பந்தைக் கொண்டுவந்துவிட்டோம் என்று இருந்துவிட்டால், பழையபடி நாலு பேர் மட்டும் பேசுவார்கள். மற்றவர்களின் மௌனத்துக்குப் புதிய காரணம் கிடைக்கும். மெடலினின் அந்த முதல் கோல் விதியை நான் இதற்காகத்தான் மதிக்கிறேன். ஒதுங்கி நிற்பவரிடம் பந்து போய்ச் சேராமல் அங்கே ஆட்டமே நகராது.

ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை வகுப்பில் ஏதாவது ஒரு ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். கை தூக்கியவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதல் வாக்கியம், இதுவரை பேசாத பிள்ளையிடமிருந்து வரட்டும். அதில் பிழை இருக்கும். அது முடியும்வரை யாரும் குறுக்கிட வேண்டாம்.