செய்தவர் யார்?

ஒரு செயலால் உயிர் நீங்குமாயின், அதனைச் செய்தவர் யார் என்பதே அறம் எழுப்பும் முதல் வினா. மனிதன் ஓட்டாத ஊர்தி, தானே ஓடி ஓர் உயிரை மாய்த்தால், நாம் யாரைக் கேட்பது?

இது வெறும் கற்பனை அன்று. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், மிதிவண்டியை உருட்டிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர், ஊபர் நிறுவனம் சோதனைக்கு விட்டிருந்த தானியங்கிக் கார் மோதி இறந்தார். தானியங்கிக் கார் மோதிப் பாதசாரி ஒருவர் மாண்ட முதல் நிகழ்ச்சி அது.

அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. மோதுவதற்கு 5.6 வினாடிகள் முன்னரே கருவி அப்பெண்மணியைக் கண்டுவிட்டது. ஆயினும் வாகனம் என்றும், வேறு பொருள் என்றும், மிதிவண்டி என்றும் மாறி மாறிக் கணித்தது. பாதசாரி என்று ஒருமுறையேனும் கணிக்கவில்லை. குறியிடப்படாத இடத்திலும் மக்கள் சாலையைக் கடப்பர் என்பதை அதனை அமைத்தோர் கருதவில்லை. காருடன் வந்த அவசரகால பிரேக் அமைப்பு, கணிப்பொறி ஓட்டும்போது இயங்காதவாறு நிறுத்தப்பட்டிருந்தது. கண்காணிக்க அமர்ந்திருந்தவரின் கவனம் கைப்பேசியில் இருந்தது. மாநில அரசின் மேற்பார்வையும் போதவில்லை.

நிறுவனத்தின்மீது குற்ற வழக்குத் தொடர முகாந்திரம் இல்லை என்றார் அரசு வழக்கறிஞர். கண்காணித்தவர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார். சட்டம் ஒருவரோடு நின்றது. அறமும் அங்கேயே நிற்கலாமோ?

கொல்லும் எண்ணம் அங்கு எவர்க்கும் இல்லை. இருந்தது சோர்வு ஒன்றே. பலர் பங்கிட்டுக்கொண்ட சோர்வு, பங்கிட்டதனால் குறைந்துவிடுவதில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தமையே உயிரிழப்புக்கு வழியாயிற்று.

மனிதர் ஓட்டும் ஊர்திகளால் நேரும் தீங்கு சிறிதோ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் கணித்தது. இவ்வெண்ணிக்கையைக் குறைக்கும் முயற்சியைத் தடுப்பதும் தீங்கே. எனவே சோதனை கூடாது என்று நாம் கூறவில்லை. ஆனால் காரில் ஏறியவர் உடன்பட்டு ஏறினார். சாலையைக் கடந்தவரின் உடன்பாட்டை எவரும் கேட்கவில்லை. கேளாது ஒருவரைச் சோதனைக்கு உட்படுத்துவோர், அவர்பொருட்டு இருமடங்கு விழிப்புடன் இருத்தல் கடன்.

2020 அக்டோபர் முதல், அதே அரிசோனாவின் பீனிக்ஸ் பகுதியில், ஓட்டுநர் இருக்கையில் எவருமே இல்லாத வேமோ கார்களில் பொதுமக்கள் செல்கின்றனர். இனி ஒரு தீங்கு நேரின், சுட்டிக்காட்ட இருக்கையில் ஆள் இல்லை. ஆதலின் சாலையில் ஓட்டுநர் காக்க வேண்டிய விழிப்பை, கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவோரும், அதற்கு உரிமம் அளிப்போரும் முன்கூட்டியே காத்தல் வேண்டும். ஊர்தியிலிருந்து கையை எடுக்கலாம். பொறுப்பிலிருந்து எடுத்தல் ஆகாது.