வேடமும் மெய்யும்

தமிழில் ‘மெய்’ என்னும் சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலின் வழியே பிறர் காணுமாறு வெளிப்படுவதைத் தொல்காப்பியம் ‘மெய்ப்பாடு’ என்று பெயரிட்டு, நகை, அழுகை முதலாக எட்டு வகையாகப் பகுத்து, பொருளதிகாரத்தில் அதற்கென ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் நடிப்பவர் அழும்போது அந்த அழுகைக்குரிய துயரம் அவருடையது அன்று. ஆகவே அங்கே தோன்றுவது மெய்யா, பொய்யா என்ற ஐயம் எழுகிறது. ஆடலும் நடிப்பும் வழிபாடாகக் கருதப்படும் மண்ணில் இந்த ஐயம் கலையோடு நின்றுவிடாமல் சமயத்திற்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்று அடங்கியிருக்கும் மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் இவ்வினா கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அருச்சுனன் தவம் என்று சிலரும், பகீரதன் தவமும் கங்கை இறங்கி வருதலும் என்று சிலரும் பொருள் கொள்ளும் அந்தப் படைப்பில், எலும்பு தெரிய மெலிந்த தவசி ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கிறார். கீழே ஒரு பூனையும் அதே கோலத்தில் கைகளைத் தூக்கி நிற்க, அதைத் தவசியென்று நம்பிய எலிகள் சுற்றிலும் கூடியிருக்கின்றன. நிலை ஒன்று, கையின் அமைதி ஒன்று, தவத்தின் புறக்குறிகள் அனைத்தும் ஒன்று. அப்படியானால் தவசியைப் பூனையிலிருந்து பிரிப்பது எது?

பரதரின் நாட்டிய சாத்திரம் இதற்கு உதவக்கூடிய ஒரு பகுப்பைத் தருகிறது. அபிநயம், அதாவது பொருளைக் காண்போரிடம் கொண்டு சேர்க்கும் முறை, உறுப்புகளால் நிகழ்வது ஆங்கிகம், மொழியாலும் இசையாலும் நிகழ்வது வாசிகம், உடையாலும் ஒப்பனையாலும் நிகழ்வது ஆகாரியம், உள்ளம் முழுமையாக ஒன்றுவதால் கண்ணீராகவும் மெய்சிலிர்ப்பாகவும் தானே வெளிப்படுவது சாத்துவிகம் என நான்காகிறது. பூனையிடம் ஆங்கிகம் குறைவறவே இருக்கிறது, சாத்துவிகம் இல்லை. வேடம் பொய்யாவது, அதை அணிந்தவரின் உள்ளம் அதனுள் புகாதபோதுதான் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

சைவம் இதையும் கடந்து செல்கிறது. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல எண்ணிய முத்தநாதன், திருநீறு பூசிய அடியார் கோலத்தில், ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தபோது, குத்துப்பட்ட நிலையிலும் நாயனார் அந்தக் கோலத்தைத் தொழுததோடு, அவனுக்கு ஊறு நேராமல் ஊர் எல்லை வரை கொண்டு விடுமாறு மெய்க்காவலனான தத்தனுக்குக் கட்டளையிட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பாவும் அடியாரின் வேடத்தையும் கோயிலையும் சிவனெனவே வழிபடுமாறு பணிக்கிறது. இங்கே வேடம் என்பது உள்ளே இருப்பதை மறைக்கும் திரை அன்று. இறைமை வந்து தங்கும் இடம். நடிப்பை இழிதொழிலாகக் கருதிய ஒரு சமூகம் தன் சமயத்தின் நடுவிலேயே இத்தகைய ஒரு கொள்கையை வைத்திருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

வேடம் மெய்யா, பொய்யா என்னும் வினாவைத் தம் வாழ்க்கையாலேயே நெடுங்காலம் சுமந்தவர் நடிகையும் ஆடற்கலைஞருமான வைஜெயந்திமாலா. 1933இல் சென்னையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர்; தாய் வசுந்தரா தேவி 1943இல் வெளிவந்த ‘மங்கம்மா சபதம்’ படத்தின் நாயகி. வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் கற்ற இவர், 1949இல் ஏ.வி.எம். நிறுவனத்தின் ‘வாழ்க்கை’ வழியாகத் திரைக்கு வந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தித் திரையுலகின் முன்னணி நாயகியானார். ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் (1958) பத்மினியோடு ஆடிய போட்டி நடனத்தைத் தமிழர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கல்கியின் நாவலிலிருந்து உருவான ‘பார்த்திபன் கனவு’ (1960) படத்தில், மாமல்லபுரத்திற்குத் தன் பெயரைத் தந்த நரசிம்மவர்மனின் மகள் குந்தவியாக நடித்தவரும் இவரே. அந்தக் கதையில் பேரரசனாகிய நரசிம்மவர்மன் சிவனடியார் வேடத்தில் ஊர் ஊராகத் திரிந்து, தன் பகைவனின் மகனுக்கே துணை நிற்கிறான் என்பதையும், அந்த வேடம் அவனுடைய அரசக் கோலத்தைவிட உண்மையானதாகவே வாசகருக்குத் தோன்றுகிறது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

எனினும் வைஜெயந்திமாலா ஏற்ற பாத்திரங்களுள் சமய நோக்கில் கனமானவை வேறு. பிமல் ராயின் ‘தேவதாஸ்’ (1955) படத்தில் அவர் நடித்த சந்திரமுகி, தொழிலையும் செல்வத்தையும் துறந்து விடும் ஆடல்மகள். ‘ஆம்ரபாலி’யில் (1966) அவர் நடித்தது, வைசாலி நகரத்தின் ஆடலரசியாக இருந்து புத்தரிடம் அடைக்கலம் புகுந்த பெண்ணின் பாத்திரம். தமிழர்க்கு இந்தக் கதை புதிதன்று. சிலப்பதிகாரத்தில் பதினோராடலில் தேர்ந்த மாதவி கோவலன் இறந்தபின் பௌத்த அறம் பூண்டாள். அவள் மகள் மணிமேகலை, தொண்டை நாட்டுத் தலைநகராகிய காஞ்சியில் தவநெறி மேற்கொள்வதோடு அவள் பெயரில் அமைந்த காப்பியம் முடிகிறது. ஆடலைக் கைவிடும்போதுதான் ஆடல்மகளுக்கு வீடுபேறு என்ற முடிவை இக்கதைகள் மீண்டும் மீண்டும் எட்டுகின்றன. இது ஆடலுக்கு இழைக்கப்பட்ட அநீதி. உழவன் ஏரைத் துறந்தாக வேண்டும் என்று சைவம் கேட்கவில்லை. நாயன்மார்களான திருநாளைப்போவாரும் திருக்குறிப்புத் தொண்டரும் தத்தம் தொழிலின் வழியாகவே தொண்டு செய்தவர்கள். சந்திரமுகிக்காகத் தமக்கு அளிக்கப்பட்ட சிறந்த துணை நடிகைக்கான பிலிம்பேர் விருதை, அது துணைப்பாத்திரம் அன்று என்று கூறி வைஜெயந்திமாலா ஏற்க மறுத்ததில், நடிகையின் தன்மதிப்போடு, அந்த ஆடல்மகளுக்குக் கதையில் உரிய இடம் வேண்டும் என்ற நியாயமும் இருந்தது.

இந்த மரபை முற்றிலும் பின்பற்றாதவள் கல்கியின் சிவகாமி. பல்லவர் காலத்துக் காஞ்சியையும் மாமல்லபுரத்தையும் களமாகக் கொண்டு 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த ‘சிவகாமியின் சபத’த்தின் முடிவில், சிற்பி ஆயனரின் மகளான அவள் மன்னன் மீதான காதலைத் துறக்கிறாளே தவிர ஆடலைத் துறக்கவில்லை; ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துத் திருமாங்கல்யம் அணிந்து, அவர் சந்நிதியில் ஆடுகிறாள். வாசகர்கள் கண்ணீர் மல்கப் படித்த அந்தச் சடங்குக்கு நடைமுறையில் ‘பொட்டுக்கட்டு’ என்று பெயர். முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, தொடர் முடிந்த அடுத்த ஆண்டே, 1947இல், சென்னை மாகாணச் சட்டம் அதைத் தடை செய்தது. சிறுமியரைச் சுரண்டலிலிருந்து மீட்ட அந்தச் சட்டம் அவசியமானது. ஆனால் புனைவில் போற்றப்பட்ட கோலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பூண்டிருந்த பெண்கள் பழியை மட்டும் சுமந்து கலையிலிருந்து விலக நேர்ந்ததும், அவர்களுடைய ஆடல் வேறு குடும்பங்களின் மகளிர்க்குப் பெருமையாக மாறியதும் மறைக்கக்கூடாத உண்மைகள். வைஜெயந்திமாலாவின் கலையும் அந்தக் கடனிலிருந்து விலகியதன்று. பரதத்தை முறைப்படுத்திய தஞ்சை நால்வர் வழிவந்த நட்டுவனார், அதாவது ஆடலைப் பயிற்றி அரங்கில் தாளத்தோடு நடத்துபவர், ஆகிய கே. பி. கிட்டப்பா பிள்ளையிடமிருந்தே கோயிலோடு ஒட்டிய அரிய உருப்படிகளை அவர் கற்றார்.

1968இல் திருமணமான பின் வைஜெயந்திமாலா படிப்படியாகத் திரையை விட்டு விலகினார், ஆடலை விடவில்லை. மாதவியும் ஆம்ரபாலியும் நடந்த வழிக்கு இது நேர்மாறானது. ஆண்டாளின் திருப்பாவையை நாட்டியமாக அமைத்த அவருக்கு வைணவ மரபு இதற்கான இடத்தை ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தது. பூதத்தாழ்வார் பிறந்த கடல்மல்லையை, அதாவது மாமல்லபுரத்தை, பாடிய திருமங்கையாழ்வார், பரகாலநாயகி என்னும் பெண்ணாகத் தம்மைக் கொண்டும் பாடியவர். உரையாசிரியர்கள் அந்தப் பெண்மையைப் புனைந்த பாவனை என்று ஒதுக்காமல், உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவின் உண்மை நிலை என்றே விளக்கினர். பாவனை என்ற சொல்லுக்கும் இங்கே பொய் நடிப்பு என்பது பொருளன்று. இடைவிடாது நினைந்து நினைந்து அதுவாகவே ஆதல் என்பதே பொருள்.

பௌத்தப் பிக்குணிகளின் பாடல்களைத் தொகுத்த தேரிகாதையில், முதுமையுற்ற அம்பபாலி, அதாவது ஆம்ரபாலி, தன் கூந்தலையும் கண்களையும் கைகளையும் ஒவ்வொன்றாக நோக்கி, அவை முன்பு இருந்ததையும் இப்போது இருப்பதையும் சொல்லி, நிலையாமையை உணர்கிறாள். அவளைத் திரையில் ஆடிக்காட்டியபோது வைஜெயந்திமாலாவுக்கு முப்பத்து மூன்று வயது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டிருந்த அவர், தொண்ணூறாம் வயதில் அயோத்தி இராமர் கோயிலில் ஆடினார். அம்பபாலி பார்த்த அதே முதுமை அந்த உடலிலும் இருந்தது. அவர் அதைக் கொண்டே ஆடினார்.